உருளைப் பலகையும் ஓரங்குலத் திருகாணியும்

தம்பி,

இந்த உறைக்குள் கடிதத்தோடு ஒரு திருகாணியும் வருகிறது. வவுனியாவுக்கு மரம் பார்க்க வரும் தச்சர் பழனியிடம்தான் கொடுத்து அனுப்புகிறேன். "ஓமந்தைச் சோதனைச் சாவடியில உறையத் தடவிப் பாத்துட்டு இது என்னான்னு கேட்டா நான் என்னண்ணே சொல்றது?" என்று மனிதர் பயந்தார். குசினிக்குள்ளிருந்து உன் அம்மா பதில் சொன்னா: "இவரின்ரை மூண்டு வருச மானம், ஓரங்குல நீளம் எண்டு சொல்லுங்கோ." ஆகவே அதைப் பத்திரமாக எடுத்து மேசையில் வைத்துவிட்டு வாசி. இங்கே எல்லாரும் சுகம். சிவலைப் பசு கன்று போட்டிருக்கிறது. எனக்கு முழங்காலில் நோ. வாயில் ஒரு நோவும் இல்லை என்பதை இந்தக் கடிதத்தின் நீளத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வாய்.

போன கிழமை தொலைபேசிக் கடைக்கு என்னைக் கூப்பிட்டு, "அப்பா, கலியாணத்தண்டைக்கு நெடுங்கேணிக்கு நான் எங்கடை காரிலைதான் போவன், சுகந்தியையும் அதிலைதான் கூட்டிக்கொண்டு வருவன், அது நான் பிழைச்ச கார்" என்றாய். நான் உடனே, "கியர்ப் பெட்டி உடைஞ்சு போச்சு" என்று வரிசையில் நின்ற பத்துப் பேருக்கும் கேட்கக் கத்தினேன். நீ சிரித்தாய். "நீங்கள் செய்த காரிலை உடையிற சாமானும் இருக்கோ?" என்றாய். அந்தச் சிரிப்பு எனக்கு எங்கே போய்க் குத்தியது என்று உனக்குத் தெரியாது. கியர்ப் பெட்டிக்கு ஒரு குறையும் இல்லை. நான் பொய் சொன்னேன். அந்தக் காரில் நீயும் அந்தப் பிள்ளையும் ஏறலாமா, கூடாதா என்பதுதான் இந்தக் கடிதத்தின் விசயம். தீர்ப்பு உன்னுடையது. சாட்சி நான். குற்றவாளியும் நானே என்பதால் வேறு ஆட்களைத் தேடி அலைய வேண்டியதில்லை.

உனக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான். அப்பா துணுக்காய்ப் பக்கம் கிடந்த பழைய காரைக் கொண்டுவந்து உருத்திரபுரத்துக்கு அம்புலன்ஸ் ஆக்கினார். உன்னைப் புடையன் பாம்பு கடித்தபோது அதில் ஏற்றிக்கொண்டு கிளிநொச்சிக்கு ஓடினார். நீ பிழைத்தாய். கதை சரிதான். நடுவில் சில பக்கங்களை நான் கிழித்து வைத்திருக்கிறேன்.

சண்டை ஓய்ந்து பாதை திறந்த வருசம் துணுக்காய்க்கு ஒரு உழவு மெசின் திருத்தப் போனேன் அல்லவா? வேலை முடிந்து தேநீர் குடிக்கும்போது மெசின்காரர், "பழைய மிஷன் மருந்துச்சாலைக்குப் பின்னாலை ஒரு கார் கிடக்குது. இரும்புக்காரரும் தொடுறாங்கள் இல்லை" என்றார். தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழும்பினேன். தண்டவாளத்தையே பிடுங்கிப் பங்கருக்குக் கூரை போட்ட நாட்டில், யாரும் தொடாத இரும்பா? போய்ப் பார்த்தேன். ஒரு பாலை மரத்துக்குக் கீழே, நாலு சில்லும் மண்ணுக்குள் இறங்கி, இங்கிலாந்தில் செய்த ஒரு நீளக் கார். முன்னுக்கு ஒரு பித்தளை மணி. முகம் சம்பந்தி வீட்டில் கோபித்துக்கொண்ட மாமியாரின் முகம். பின்கதவின் பிடியைத் தொட்டேன். தொட்டதும் திறந்தது.

தம்பி, காட்டில் விட்ட எதற்குள்ளும் ஏதாவது குடியேறும். கறையான் ஏறும், குளவி கூடு கட்டும், குறைந்தது ஒரு உடும்பாவது படுத்திருக்கும். இதற்குள் ஒன்றுமில்லை. முன் சீற்றிலும் கண்ணாடியிலும் விரல் கனத்துக்குத் தூசி. பின்பக்கத் தரையில் மட்டும் ஒரு ஆள் நீளத்துக்குத் தூசியே இல்லை. இப்போதுதான் யாரோ எழும்பிப் போன பாய் மாதிரி. புத்தியுள்ளவன் கதவைச் சாத்திவிட்டு வந்திருப்பான். எனக்குத் தோன்றியது, "அட, தரைக்கு நல்ல மரம் போட்டிருக்கிறான்" என்பதுதான்.

அந்தத் தரையைப் பற்றி நீ வடிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். நடுவே நீளப் பலகை ஒன்று. அதன் ஒரு பக்கம் மட்டம், பச்சை மெழுகுசீலை ஒட்டியது. நோயாளியைப் படுக்க வைக்க. மற்றப் பக்கத்தில் வரிசையாகப் பதினொரு மர உருளைகள். சவப்பெட்டி சறுக்கி ஏறுவதற்கு. இரண்டு முனையிலும் அச்சு. பக்கத்தில் ஒரு பித்தளைக் கொளுக்கி. கொளுக்கியை விலக்கிப் பலகையைப் பிரட்டினால் அம்புலன்ஸ் பிரேதக் காராகிவிடும். திரும்பப் பிரட்டினால் பிரேதக் கார் அம்புலன்ஸ். மணி நோயாளிக்கு மட்டும் அடிக்கும், பிரேதத்துக்கு அடிக்காது. வெள்ளைக்காரன் சிக்கனமானவன். சில நாட்களில் ஒரே ஆளுக்கே இரண்டு பக்கமும் உதவியிருக்கும். நான் பார்க்கும்போது உருளைப் பக்கம் மேலே இருந்தது.

எங்கள் ஊரில் அப்போது நோயாளியும் உழவு மெசின் பெட்டியில்தான் போனார், நெல்லும் அதில்தான் போனது, செத்தவரும் அதில்தான் போனார். நான் சனசமூக நிலையத்தில் எழும்பி, "ஒரு கார் இருக்குது, நான் ஓடப்பண்ணித் தாறன்" என்று மார் தட்டினேன். உன் அம்மாவுக்கு அன்றே பிடிக்கவில்லை. "ஆஸ்பத்திரியும் சுடலையும் ஒரே பெட்டிக்குள்ளையோ? உந்தச் சனியனை என்ரை வேலிக்கு உள்ளுக்கு விடாதையுங்கோ" என்றா. அதனால்தான் வேலிக்கு வெளியே தனிக் கொட்டில் போட்டேன்.

அந்தக் காரை முன்பு ஓட்டிய சவரிமுத்தர் மல்லாவியில் மகளோடு இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஆளுக்கு ஒரு பல் இல்லை, பகிடிக்குக் குறைவில்லை. எஞ்சினைப் பற்றி நான் கேட்கக் கேட்க, அவர் வேறு கேள்வி கேட்டார். "பலகை எந்தப் பக்கம் கிடந்தது?"

"உருளைப் பக்கம் மேலை."

மனிதரின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. "நான் கடைசியா விட்டிட்டு வரேக்கை மட்டம் மேலை. கொளுக்கியும் போட்டனான். பின்கதவையும் பூட்டினனான். திறப்பு இஞ்சை கிடக்கு" என்று அலுமாரிக்குள்ளிருந்து எடுத்துத் தந்தார். நான் தொட்டதும் திறந்த கதவின் திறப்பு அது. பிறகு சொன்னார்: "பெட்டியை இறக்கினாப் பிறகு உடனை பலகையைப் பிரட்டிப்போடாதை. பின்கதவைத் திறந்தபடி, வந்த வழியாலை வராமல் மற்ற வழியாலை, வெறும் காரைக் கொஞ்சத் தூரம் ஓட்டு. போனவருக்குத் தான் இறங்கியிட்டன் எண்டு விளங்கோணும். சிலபேர் சீற்றைப் பிடிச்சால் விடாயினம், பஸ்ஸிலை மாதிரி."

"இறங்கியிட்டார் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"வில்லு சொல்லும். பின்பக்கம் ஒருக்கா எழும்பும்."

பழைய வில்லுத் தகடு சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும், அப்போது கார் எழும்பும் இறங்கும் என்று நான் அவருக்கு விளங்கப்படுத்தினேன். "ஓம், ஓம்" என்று தலையாட்டினார். வீட்டுக்கு வந்து உன் அம்மாவுக்கு அவரைப்போல நடித்துக் காட்டினேன். நான் சிரித்தேன். அவா சிரிக்கவில்லை.

எஞ்சின் இறுகிப்போய்க் கிடந்தது. பிளக் துவாரங்களால் மண்ணெண்ணெயும் பழைய ஒயிலும் கலந்து விட்டு, ஒவ்வொரு நாளும் காலையில் கைப்பிடியைப் போட்டுச் சுற்றிப் பார்த்தேன். எட்டாம் நாள் அசைந்தது. உக்கின தகரத்தை வெட்டி எறிந்துவிட்டுத் தார்ப்பீப்பாத் தகரம் வைத்து ஒட்டினேன். பிறேக் றப்பரை வவுனியாவில் ஒரு நானாவின் கடையில் தேடி எடுத்தேன். பழசைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணன், இது என்ட வாப்பா பொறந்த காலத்துச் சாமான், இதக் கொண்டுபோய்க் கண்ணாடிக்குள்ள வைங்க" என்றார். பெயின்ற் சுரண்டச் சுரண்ட வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்று வெங்காயம் உரித்தமாதிரி வந்துகொண்டேயிருந்தது. எந்தத் தோலில் நிற்பது என்று தெரியாமல் இரண்டையும் கலந்து சாம்பல் அடித்தேன். ஊரார் அதை என் ரசனை என்று நினைத்தார்கள்.

பலகையை மட்டும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. பழனி அதைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையை வெடுக்கென்று எடுத்தார். "குளுருதுண்ணே." பங்குனி மாதம், உச்சி வெயில், கொட்டிலின் தகரத்தில் அப்பளம் பொரிக்கலாம். நானும் கையை வைத்தேன். கிணற்றடிக் கல்லைப்போலக் குளிர்ந்தது. "நல்ல மரம் அப்பிடித்தான்" என்றேன்.

இன்னொரு மத்தியானம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கொட்டில் பக்கமிருந்து கிறீச், கிறீச் என்று ஒரு சத்தம். அம்மா அகப்பையோடு அப்படியே நின்றா.

"ஆர் அங்கை?"

"ஒருதருமில்லை. காத்து."

"வேப்பிலை அசையேல்லை. உங்களுக்கு மட்டும் எங்கையிருந்து காத்து வருகுது?"

போய்ப் பார்த்தேன். பதினொரு உருளையில் நடுவில் ஒன்று மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அவசரமில்லாமல், யாரோ யோசனையில் விரலால் உருட்டுவதுபோல. கையை வைத்து நிறுத்தினேன். கையை எடுத்தேன். இந்தமுறை மற்றப் பக்கமாகச் சுற்றியது. "கிரீஸ் கூடிப்போச்சு" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்து மிச்சச் சோற்றைச் சாப்பிட்டேன். அந்த உருளைகளுக்கு நான் அதுவரை கிரீஸ் வைத்திருக்கவேயில்லை.

இனித்தான் திருகாணி வருகிறது. துலக்கக் கழற்றிய கொளுக்கியைத் திரும்பப் பூட்ட இரண்டங்குலத் திருகாணி வேண்டும். திறப்புவிழாவுக்கு முதல்நாள் பின்னேரம். கையில் இரண்டங்குலம் இல்லை. பழைய கதவுப் பிணைச்சல் ஒன்றிலிருந்து கழற்றிய ஓரங்குலம் இருந்தது. அதை முறுக்கினேன். பழனி பார்த்துக்கொண்டு நின்றார். "அண்ணே, இது பத்தாதுங்க. மரத்தில கடிக்கவே இல்ல."

"அடியிலைதானே கிடக்கப்போகுது, ஆர் குனிஞ்சு பாக்கப்போறாங்கள்?"

அடுத்த நாள் மாலை போட்டார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள். "இந்தக் காரிலை ஒரு ஆணிகூடப் பிழையாக் கிடையாது" என்று பேசினேன். பழனிக்கு இருமல் வந்தது. நீ முன்வரிசையில் நின்று கைதட்டினாய்.

அன்றைக்குக் காரின் உள்ளே ஏறி இறங்க மறுத்தவர் தரகர் கந்தையர். உனக்கு ஆளைத் தெரியும். பெரிய உடம்பு, கறுத்தக் குடை, சொல்லாத கலியாணத்துக்கும் முதல் பந்தியில் இருப்பார். எனக்கு உன் அம்மாவைப் பேசி முடித்தவரும் அவர்தான்; அதற்காக நான் அவரை எப்போதோ மன்னித்துவிட்டேன், அம்மாதான் இன்னும் மன்னிக்கவில்லை. படுக்கைக்கு இடதுபக்கத்தில் தாதி இருக்க ஒரு சின்னச் சீற் இருக்கிறதே, அதில் அமர்ந்து, குடையை முழங்கால்களுக்கு இடையில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு ஆடிப் பார்த்தார். "நல்ல மெத்தை. பொடியன்ரை கலியாணத்துக்கு இந்தச் சீற் எனக்கு. இப்பவே சொல்லிப்போட்டன்" என்றார். சொல்லி மூன்று மாதத்தில், ஒரு காலைப்பொழுது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தவர் எழும்பவில்லை. அடுத்த நாள் காலை, காரின் உருளைப் பக்கத்தில் முதலில் போனவர் அவர்தான்.

சுடலையில் எல்லாம் முடிந்தது. நான் பின்கதவைத் திறந்துகொண்டு மற்ற வழியால் சுற்றி வந்திருக்க வேண்டும். அரை மணி கூடப் பிடிக்கும். சுடலைக்குப் போனவன் குளிக்காமல் சாப்பிட முடியாது. எனக்கோ வயிறு கூவிக்கொண்டிருந்தது. சவரிமுத்தரை நினைத்தேன். சிரித்தேன். கதவைச் சாத்தினேன். வந்த வழியாலேயே வந்தேன். பசி என்னும் ஒரு காரணத்தைத் தவிர வேறொன்றும் சொல்ல எனக்கில்லை.

வாய்க்காலுக்குள் இறங்கி ஒரு முழுக்குப் போட்டுவிட்டு நிமிர்கிறேன், வரம்பிலிருந்து பழனி கத்துகிறார். "அண்ணே! தம்பியப் பாம்பு கடிச்சிருச்சு!" ஈர வேட்டியோடு ஓடிவந்தேன். உன்னை அவரும் அம்மாவும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கணுக்காலில் இரண்டு பொட்டு. கண்மடல் ஏற்கனவே தொங்கத் தொடங்கியிருந்தது. பலகையைப் பிரட்டினேன். கொளுக்கியைப் போட்டேன். மெத்தையை விரித்து உன்னைக் கிடத்தினோம். அம்மா உன் தலைமாட்டில் தரையில் இருந்தா. இடதுபக்கச் சீற் வெறுமை.

மணியை அடித்துக்கொண்டு விட்டேன். வழியெல்லாம் சனம் வாயைப் பிளந்து நின்றது. காலையில் தரகரை மணியடிக்காமல் கொண்டுபோன கார், மத்தியானம் மணியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினால் என்ன நினைப்பார்கள்? "கந்தையருக்கு உயிர் வந்திட்டுதாம்" என்று ஒருத்தி சைக்கிளில் ஓடியே விட்டாளாம். எனக்கு அது பிறகுதான் தெரியும். அந்த நேரம் எனக்குக் கேட்டது உன் குரல் மட்டும்தான். நாக்குத் தடித்து, ஆனால் மரியாதை குறையாமல், நீ யாருடனோ கதைத்துக்கொண்டிருந்தாய்.

"மாமா, குடையை எடுங்கோ. கண்ணிலை குத்துது."

கண்ணாடியால் பார்த்தேன். நீ இடதுபக்கச் சீற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அம்மாவும் அந்தச் சீற்றைப் பார்த்தா. பிறகு நீ, "தள்ளி இருங்கோ மாமா, நெருக்கமாக் கிடக்கு" என்று சொல்லிவிட்டு, அவ்வளவு அகலமான படுக்கையில், வலதுபக்க ஓரமாக ஒதுங்கினாய்.

புடையன் விசத்துக்கு எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரியும் என்று டொக்டர் பிறகு விளங்கப்படுத்தினார். நானும் தலையாட்டினேன், சவரிமுத்தர் எனக்குத் தலையாட்டியமாதிரி. இரண்டிரண்டாகத் தெரிந்தால் நீ இரண்டு அம்மாவைத்தானே கண்டிருக்க வேண்டும்?

டக் என்று ஒரு சத்தம். கொளுக்கி. பலகை உனக்குக் கீழே மெல்லச் சரிந்தது. விளிம்பில் உருளைகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. கிறீச், கிறீச். நீ பின்கதவுப் பக்கமாக, பெட்டி போவதுபோல, நேராக வழுக்கத் தொடங்கினாய். அம்மா உன் தோளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கத்தினா. "நிப்பாட்டுங்கோ! பிள்ளையை இறக்குங்கோ!"

"உனக்கென்ன விசரே? நேரமில்லை!"

"இதுக்குள்ளை இன்னொரு ஆள் இருக்கு. அவர் இறங்காமல் என்ரை பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போகாது. சுடலைக்குத்தான் போகும். அந்தக் கிழவன் சொன்னதைச் செய்யுங்கோ!"

தம்பி, நான் கிழித்து வைத்த பக்கம் இதுதான். நான் நிறுத்தினேன். மதகடியில், மருத மர நிழலில், உன்னை மண்ணில் இறக்கி வைத்தோம். அம்மா முந்தானையை விரித்து உன் முகத்துக்கு வெயில் படாமல் பிடித்தா. நான், கொட்டில் போட்டு எஞ்சின் கட்டுகிற மனிதன், வில்லுத் தகட்டுக்கு விளக்கம் சொன்ன மனிதன், செத்துக்கொண்டிருந்த என் பிள்ளையை வழியில் போட்டுவிட்டு, பின்கதவு திறந்தபடி வெறும் காரை ஓட்டிக்கொண்டு போனேன். மத்தியானம் இரண்டு மணி. வயலில் ஒரு சனமில்லை. நான் வாய்விட்டுக் கேட்டேன். "கந்தையண்ணை, என்ரை பிள்ளை. தயவுசெய்து இறங்குங்கோ." முடக்கில் திரும்பும்போது காரின் பின்பக்கம் எழும்பியது. பஸ்ஸில் ஒரு பெரிய ஆள் இறங்கும்போது எழும்புமே, அவ்வளவு.

திரும்பி வந்தேன். ஈர வேட்டியைக் கிழித்துப் பலகையை இறுக்கிக் கட்டினேன். கட்டைக் காற்சட்டையோடு ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிய என்னைத்தான் முதலில் நோயாளி என்று பிடித்தார்கள். டொக்டர் உன் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு, "ஒரு பத்து நிமிசம் முந்தியிருந்தால் இவ்வளவுக்கு வந்திராது" என்றார். மதகடியில் நான் செலவழித்தது பத்து நிமிசம். அந்தப் பத்து நிமிசம் உன்னைக் காப்பாற்றியதா, கொல்லப் பார்த்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நீ ஆறு நாள் கண் திறக்காமல் கிடந்தாய். ஆறு நாளும் நான் அந்தக் கணக்கிலேயே நின்றேன்.

நீ உள்ளே கிடக்கும்போது நான் வெளியே காருக்குக் கீழே குனிந்து பார்த்தேன். கொளுக்கி தொங்கியது. திருகாணி பாதியில் வெளியே. ஓரங்குலம். மரத்தைக் கடிக்கவேயில்லை. பழனி சொன்னபடியே. கழற்றிக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். நீ பிழைத்து வந்தபிறகு ஊர் கேட்டது, "என்ன நடந்தது?" நான் தரகரின் கதையைச் சொன்னேன். குடையோடு, குரலோடு, நடித்துக் காட்டிச் சொன்னேன். எனக்குக் கதை சொல்ல வரும் என்பதுதான் என் சாபம். கேட்டவர்கள் பயந்தார்கள், சிரித்தார்கள், திரும்பச் சொல்லச் சொன்னார்கள். திருகாணியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பேய் இருக்கும்போது ஆணியை எவன் தேடுவான்?

அதில் அடிபட்டது தரகரின் மனைவி பொன்னம்மாக்கா. ஒருநாள் படலைக்கு வெளியே நின்று கேட்டா: "என்ரை மனுசன் உங்கடை பிள்ளையைக் கொல்லப் பாத்தவரோ, தம்பி?" நான் இல்லை என்று சொல்லவில்லை. ஏதோ முனகினேன். அதற்குப் பிறகு அந்த மனிசியை ஒரு கலியாண வீட்டுக்கும் யாரும் கூப்பிடவில்லை. நூறு கலியாணம் பேசி முடித்தவரின் மனைவி. நான் உனக்குச் சொல்ல வந்த ஒரே புத்திமதி இதுதான், மகன். குடும்பம் நடத்தும்போது ஆயிரம் பிழை விடுவாய், பரவாயில்லை. உன் திருகாணியை இன்னொருவரின் தலையில் முறுக்காதே. செத்தவர் திரும்பி வந்து மறுக்கமாட்டார் என்று நினைப்பாய். அது அவ்வளவு நிச்சயமில்லை.

உன் தொலைபேசிக்குப் பிறகு அம்மா ஒரே பிடி. "காரைக் குடுக்கிறதும் விடுறதும் பிறகு. முதல் அந்த மனிசியிட்டைப் போங்கோ." அம்மாவுக்குத் திருகாணிக் கதை எப்போதோ தெரியுமாம், என் காற்சட்டை தோய்ப்பது யார் என்று நான் யோசித்திருக்க வேண்டும். முந்தநாள் போனேன். திருகாணியை உள்ளங்கையில் வைத்துக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். பொன்னம்மாக்கா அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா.

"மூண்டு வருசமா என்ரை மனுசனைப் பேயாக்கிப்போட்டு, இப்ப ஆணியைக் கொண்டந்து காட்டுறீர்."

"ஓம் அக்கா."

"அப்ப அவர் அதிலை ஏறேல்லையோ?"

பொய் சொல்லாமல் இருக்க முயற்சி செய்யும்போதுதான் தெரிகிறது, உண்மை எவ்வளவு சிக்கலான சாமான் என்று. "ஆணி என்ரை பிழை அக்கா. மற்றது எனக்குத் தெரியாது" என்றேன். உள்ளே போய்க் கறுத்தக் குடையை எடுத்துக்கொண்டு வந்தா. என்னோடு கொட்டில் வரைக்கும் நடந்து வந்து, இடதுபக்கச் சீற்றில் அதைக் குறுக்காகக் கிடத்தினா. "இடம் பிடிச்சு வைக்கிறன். சொல்லி வைச்ச சீற்" என்றா. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்னையும் கூப்பிடுவியளோ?" என்று கேட்டா. அம்மா வெற்றிலைத் தட்டத்தோடு போய் முறையாகக் கூப்பிட்டுவிட்டு வந்திட்டா.

நேற்றுப் பழனி வந்து புதுக் கொளுக்கி பூட்டினார். இரண்டங்குலத் திருகாணி நாலு. நான் மேலே ஏறிக் குதித்துப் பார்த்தேன், அசையவில்லை. வில்லுத் தகடும் புதிது. பிறகு, சும்மா இருக்க முடியாமல், மத்தியானம் சவரிமுத்தர் சொன்னபடி பின்கதவைத் திறந்துகொண்டு வெறும் காரை மதகடிக்கு ஓட்டினேன். யாராவது மிச்சம் இருந்தால் இறங்கட்டும், உங்களுக்கு வெறும் காராகத் தருவோம் என்று. மருத மரத்தடியில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். காற்றில்லை. கொக்குக்கூட இல்லை.

பின்பக்கம் எழும்பவில்லை, தம்பி. இறங்கியது. இடதுபக்கமாக, ஆறுதலாக, ஒரு பெரிய உடம்பு ஏறி அமர்ந்து சரிப்படுத்திக்கொள்ளும் அளவுக்கு இறங்கியது. கண்ணாடியால் பார்த்தேன். சீற்றில் குறுக்காகக் கிடந்த குடை நிமிர்ந்து நின்றது. முழங்கால்களுக்கு இடையில் பிடித்து வைத்தமாதிரி. குலுக்கத்தில் நிமிர்ந்திருக்கலாம். கார் நின்று பத்து நிமிசமாகியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் இறங்கிப் போய்ப் பின்கதவை அடித்துச் சாத்தாமல் மெல்லச் சாத்தினேன். ரோட்டுக் குழிகளை விலத்தி விலத்தி வீட்டுக்கு ஓட்டிவந்தேன். வழியில் ஒரு பகிடிகூட விடவில்லை. அம்மா படலையில் நின்று காரின் சரிவைப் பார்த்தா, என் முகத்தைப் பார்த்தா. "கலியாணத்துக்கு வெளிக்கிட்டிட்டாரோ? இன்னும் மூண்டு கிழமை கிடக்கே" என்றா.

கலியாணத்தன்று விடிய எங்கள் படலையில் இரண்டு வாகனம் நிற்கும். ஒன்று சாம்பல் கார், மற்றது பேசி வைத்த வான். இந்தக் கடிதத்தையும் திருகாணியையும் சுகந்தியிடம் காட்டு. எல்லாவற்றையும் சொல். அந்தப் பிள்ளை வேண்டாம் என்றால் வானில் ஏறுங்கள். நான் சாம்பல் காரைப் பின்னால் வெறுமையாக ஓட்டிக்கொண்டு வருவேன். வெறுமை என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். காரில்தான் வருவதென்றால், படுக்கைப் பலகையின் மேல் பழனி உங்கள் இரண்டு பேருக்கும் ஒரு சீற் போட்டிருக்கிறார், வலதுபக்கமாக இருங்கள். நெடுங்கேணி வரைக்கும் நல்ல தூரம், ரோட்டும் சரியில்லை. குடை கண்ணில் குத்தினால் சொல்லலாம், அவர் எடுப்பார், மரியாதை தெரிந்த மனிதர். அன்றைக்குச் சொன்னமாதிரி, தள்ளி இருங்கோ என்று மட்டும் அவருக்குச் சொல்லிப்போடாதே.

அப்பா